ஆர்.எக்ஸ். 100-க்குப் பெரிய கார்பரேட்டர் வேண்டாம் தம்பி



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும். இல்லாதவர்கள், வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு சுற்றுகிற பையன் இருந்தால் அவனுக்கு அனுப்பி வையுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீடியோ அனுப்பியிருந்தான். நல்ல விலை கொடுத்து ஒரு ஆர்.எக்ஸ். 100 வாங்கியிருக்கிறான். டேங்குக்குப் புதுப் பெயின்ட், பளபளவென்று குரோம் மட்கார்டு, பார்க்கவே அழகு. கேமராவைக் கீழே கொண்டுபோனான். உள்ளே 28 மி.மீ. கார்பரேட்டர். கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் காணோம், அந்த இடத்தில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் தொங்குகிறது. "சார், சவுண்டு எப்படி?" என்று கேட்டிருந்தான். நான் கும்பிடு ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவனே போன் செய்தான். "சார், ரோட்டுல பிச்சுக்கிட்டுப் போகுதுங்க. ஆனா மேட்டுல இழுக்க மாட்டேங்குது. வீட்டுக்காரியும் பாப்பாவும் உக்காந்தா மூணாவது கியர்ல அடைக்குது. போர்ட்டையும் கடைஞ்சு விட்டுரலாம்னு மெக்கானிக் சொல்றாரு. நீங்க இதே வண்டியிலதான கொல்லிமலை ஏறுனீங்க? என்ன பண்ணலாம் சொல்லுங்க சார்."

வீட்டுக்காரியும் பாப்பாவும் என்று சொன்னான் பாருங்கள், அதைக் கேட்ட பிறகு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நடு வேகத்தில் இழுவை வேண்டுமென்றால் காற்று போகிற வழியைப் பெரிதாக்கக் கூடாது. அதை ஒழுகாமல், நேராக, அளவாக வைக்க வேண்டும். பெரிய கார்பரேட்டர், திறந்த ஃபில்டர், கடைந்த போர்ட் மூன்றும் மேல் வேகத்துக்கான சாமான்கள். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அவை வேண்டாம். நான் இன்ஜினியர் இல்லை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த ஃபீஸ் அதிகம்.

1990-ல் சேமநல நிதியில் முன்பணம் எடுத்து ஆர்.எக்ஸ். 100 வாங்கினேன். அப்போது குடி சேந்தமங்கலத்தில், வேலை கொல்லிமலை மேலே. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸை நம்பினால் முதல் பீரியடு போய்விடும். வண்டி புதுசாக இருந்தவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. 98 சி.சி. இன்ஜின், 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், நான்கு கியர். 7,500 சுற்றில் 11 குதிரைத் திறன். எடை 100 கிலோவை ஒட்டித்தான். இந்த எடைக்கு இந்தத் திறன் இருந்ததால்தான் 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டிக்கு இன்றைக்கும் இவ்வளவு மவுசு.

மூன்று வருடம் ஓடியபின் இழுவை கொஞ்சம் குறைந்தது. நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? பழுது பார்த்திருக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்துச் சொச்சம் வயது, உங்களைப் போலவே ஆசை. பெரிய வண்டி ஒன்றின் 26 மி.மீ. கார்பரேட்டர் கிடைத்தது. நானே போய், "இதை மாட்டிக் கொடுப்பா" என்று கேட்டு மாட்டிக்கொண்டேன். காற்று தாராளமாகப் போகட்டும் என்று ஏர் ஃபில்டர் பாக்ஸின் ஒரு பக்கத்தையும் வெட்டினேன். நாமக்கல் ரோட்டில் எழுபதைத் தாண்டினால் வண்டி சீறியது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் இதைப் பற்றியே பேசினேன்.

மலையில் கதை வேறு. வளைவில் திரும்பி இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் 'ம்ம்ம்' என்று முனகும், பிறகு திடீரென்று எகிறும். முனகும்போது கிளட்சைப் பாதி பிடித்து ஏமாற்றி ஏற்றுவேன். அந்த ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று வீட்டம்மா கேட்டார். இருவரும் கிளம்பினோம். நாற்பதாவது வளைவைத் தாண்டி ஏறும்போது இன்ஜின் சத்தம் மாறியது. கவனிப்பதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் அப்படியே நின்றது. கிளட்சைப் பிடித்தேன், ஆனால் தாமதம். வண்டி சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் சாயாமல் மலைப் பக்கம் சாய்ந்தது கடவுள் புண்ணியம். வீட்டம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கை வலிக்கும். அப்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், தைலத்தை மட்டும் எடுத்து என் முன்னால் வைப்பார்.

வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். சேந்தமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறை. அதை வைத்திருந்தவன் என் மாணவன். எட்டாவதோடு நின்றவன். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பழகிவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டிருந்தான். வகுப்பில் நடு பெஞ்சு. அவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்பதுதான் உண்மை. வண்டியைப் பார்த்தான், வெட்டிய பாக்ஸைப் பார்த்தான். "ஏனுங்க சார், வகுப்புல ஊதுகுழல் வெச்சு நீங்கதான காத்துப் பாடம் நடத்துனீங்க?" என்றான். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நான் நடத்திய பாடம் இதுதான். விறகடுப்பை ஊதுகுழலால் ஊதினால் நெருப்புப் பற்றிக்கொள்ளும். அதே மூச்சை அகலமான பிளாஸ்டிக் குழாய் வழியாக ஊதினால் சாம்பல்கூட அசையாது. நுரையீரலில் இருக்கும் காற்று ஒன்றுதான். குறுகின வழியில் அது வேகமாகப் போகிறது, அகன்ற வழியில் சோம்பலாகப் போகிறது. ஆர்.எக்ஸ். இன்ஜினின் நுரையீரல் அந்த 98 சி.சி.தான். வாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் நுரையீரல் வளராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 67 மூச்சு. ஒவ்வொரு மூச்சும் முழுசாக 98 சி.சி. என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஆறரை லிட்டர் காற்று. கம்பெனி கொடுத்த கார்பரேட்டர் 20 மி.மீ. அதன் வாய்ப் பரப்பு 314 சதுர மி.மீ. காற்றின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 21 மீட்டர் வருகிறது. அதே இடத்தில் 28 மி.மீ. மாட்டினால் பரப்பு 616 சதுர மி.மீ., ஏறக்குறைய இரண்டு மடங்கு. விட்டம் எட்டே மி.மீ.தான் கூடியது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். காற்றின் வேகம் சுமார் 11 மீட்டராக, பாதியாக இறங்கிவிடும்.

வேகம் பாதியானால் என்ன? கார்பரேட்டரில் பெட்ரோலைப் பம்ப் வைத்து யாரும் தள்ளவில்லை. வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறைவதால் ஜெட் வழியாகப் பெட்ரோல் மேலே ஏறுகிறது. காற்று சோம்பலானால் அந்த உறிஞ்சலும் சோம்பலாகிவிடும். பெட்ரோல் குறைவாக வரும், வருவதும் பனிபோலப் பிரியாமல் துளியாக வரும். அதனால்தான் நடு வேகத்தில் அந்த முனகல். மேலே 7,000, 8,000 சுற்றில் காற்றின் அளவு கூடிவிடுவதால் பெரிய வாய்க்கும் வேலை கிடைத்துவிடும், வண்டி எகிறும். ரோட்டில் எகிறுகிறதே என்று நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் மேட்டில், பஸ் பின்னால், வேகத்தடை தாண்டி, ஊருக்குள் நாம் ஓட்டும் நேரமெல்லாம் இன்ஜின் நடு வேகத்தில்தான் சுற்றுகிறது.

இன்னொன்று. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவைதான் பிஸ்டனுக்குக் குளிர்ச்சி, எண்ணெயும் அதோடுதான் போகிறது. கலவை மெலிந்தால் சூடு ஏறும், வழவழப்புக் குறையும். மேட்டில் நீண்ட நேரம் பாதி ஆக்சிலேட்டரில் ஏறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான்.

இப்போது ரீடு வால்வுக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும். ஜாவா, யெஸ்டி 250 வண்டிகளில் பிஸ்டனின் ஓரமே கதவு. பிஸ்டன் மேலே போகும்போது காற்றுவழி திறக்கும், கீழே வரும்போது மூடும். ஆனால் மூடி முடிப்பதற்குள் பிஸ்டன் கீழே அழுத்த ஆரம்பித்துவிடும். மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே கார்பரேட்டருக்குத் திரும்பும். அதனால் அந்த வகை இன்ஜினில் மேல் வேகம் வேண்டுமென்று காற்றுவழியைக் கடைந்து நேரத்தை நீட்டினால் கீழ் வேகமும் நடு வேகமும் படுத்துவிடும். இந்தக் குறைக்குத்தான் யமஹா ரீடு வால்வைக் கொண்டுவந்து 'டார்க் இண்டக்ஷன்' என்று பேர் வைத்தது. நம் ஊரில் ஓடிய ராஜ்தூத் 350-ன் மூலமான ஆர்.டி. 350-லும் அதுதான், ஆர்.எக்ஸ். 100-லும் அதுதான்.

கூரை வீடு போன்ற ஒரு சின்னக் கூடு. அதன் இரு சரிவிலும் மெல்லிய இதழ்கள். உள்ளே உறிஞ்சல் வந்தால் இதழ் திறக்கும், அழுத்தம் வந்தால் மூடும். காற்று உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது. கயிறு, சங்கிலி எதுவும் இல்லாமல் இன்ஜினின் தேவைக்கேற்பத் தானாகவே திறந்து மூடும் கதவு. நடு வேக இழுவைக்கு அந்தக் காலத்திலேயே கம்பெனி கண்டுபிடித்து வைத்த மருந்து இதுதான். அதை வைத்துக்கொண்டு நாம் வெளியே தேடுகிறோம்.

என் மாணவன் அன்று முதலில் செய்த வேலை அந்தக் கூட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததுதான். ஒரு இதழின் ஓரத்தில் பிறை நிலா மாதிரி வெளிச்சம் தெரிந்தது. "இங்கதானுங்க சார் உங்க இழுவை போயிருக்குது" என்றான். இதழ் முழுசாக உட்காராவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கலவை திரும்பி ஓடும். நொடிக்கு 67 முறை ஒழுகும் பானையை எப்படி நிரப்புவது? அது ஒரு சின்ன சாமான். நான் அதை மாற்றியிருந்தால் கார்பரேட்டர் தேடிப் போயிருக்கவே வேண்டியதில்லை.

ஆகவே யாராவது "இழுவை குறைஞ்சிருச்சு சார்" என்றால் நான் சொல்லும் வரிசை இது. இதே வரிசையில் செய்யுங்கள், தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதலாவது, ஒழுகலை நிறுத்துங்கள். கார்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற ரப்பர் ஜாயின்ட் முப்பது வருடப் பழசு. வெளியே நன்றாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால் உள்ளே வெடிப்பு இருக்கும். அந்த வழியே போகும் காற்று பெட்ரோல் இல்லாத வெறும் காற்று. கலவையை மெலிய வைத்துப் பிஸ்டனைக் கொல்வது அதுதான். கிராங்க் ஆயில் சீல், ரீடு கூட்டின் கேஸ்கெட் எல்லாம் இதில் அடக்கம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சட்டென்று இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, ரீடு இதழ்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடி அளவு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, காகிதம் நுழையும் இடைவெளி கூடாது. ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். உலோக இதழ் உடைந்தால் துண்டு இன்ஜினுக்குள் போகும், பிறகு செலவு பெரிது. இழுவை கூட வேண்டும் என்பவர்கள் ஃபைபர் இதழ் போடலாம். மெல்லிய இதழ் சின்ன உறிஞ்சலுக்கே திறக்கும், அதனால் கீழேயும் நடுவிலும் நன்றாக இருக்கும், ஆனால் அதிவேகத்தில் படபடக்கும். தடித்த இதழ் அதிவேகத்தில் நிதானமாக நிற்கும், கீழே திறக்கவே சோம்பும். இரண்டுக்கும் நடுவே, தடித்த இதழின் மேல் மெல்லிய இதழ் வைத்த இரண்டடுக்கு இதழும் உண்டு. நம் தேவைக்கு மெல்லியதன் பக்கம் சாய்வதே சரி. இதழுக்கு மேலே இருக்கிற தடுப்புத் தகட்டை வளைத்து விளையாடாதீர்கள், இதழ் சீக்கிரம் உடையும்.

மூன்றாவது, வழியைச் சீராக்குங்கள். கடைவது வேறு, சீராக்குவது வேறு. ரப்பர் ஜாயின்ட், கேஸ்கெட், ரீடு கூடு, சிலிண்டரின் வாய் நான்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். பல வண்டிகளில் கேஸ்கெட் உள்ளே துருத்திக்கொண்டு வாசற்படி மாதிரி நிற்கும். அதை வெட்டிச் சரிசெய்தாலே காற்று தடுக்காமல் போகும். என் மாணவன் பிளேடும் உப்புத்தாளும் வைத்து அரை மணி நேரத்தில் இதைச் செய்தான். சிலிண்டர் போர்ட்டின் உயரத்தை அவன் தொடவே இல்லை.

நான்காவது, நீளம். காற்றுக்கு எடை உண்டு, ஓடத் தொடங்கினால் நிற்க மறுக்கும். ரீடு மூடும்போது குழாயில் ஓடிவந்த காற்று மோதி அலையாகத் திரும்பும். அந்த அலை போய்த் திரும்பி வருவதற்கும் அடுத்த மூச்சுக்கும் நேரம் ஒத்துப்போனால் இன்ஜினுக்கு இலவசமாக ஒரு தள்ளு கிடைக்கும். குழாய் குட்டையாக இருந்தால் இந்தப் பொருத்தம் அதிவேகத்தில் அமையும், நீளமாக இருந்தால் நடு வேகத்துக்கு இறங்கும். நாயனத்தை விடக் குழல் குட்டையானால் சுருதி ஏறுவது மாதிரிதான். அதனால்தான் கார்பரேட்டருக்கும் ரீடுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் வைத்துக் கொஞ்சம் நீட்டுகிறார்கள். என் வண்டியில் அவன் லேத்தில் கடைந்து போட்ட ஸ்பேசர் விரல் கனம்தான். மலையில் இரண்டாவது கியரில் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் அதில் பாதிப் புண்ணியம் புது ரீடு இதழுக்குத்தான் சேரும் என்று அவனே சொன்னான். அதை மறைக்காமல் சொன்னதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போனது.

ஐந்தாவது, பாட்டில். சில பேர் ஜாயின்டில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்து அதன் முனையில் மூடிய பாட்டில் ஒன்றை மாட்டுகிறார்கள். பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இது யமஹாவே செய்த வேலை. ஒய்.இ.ஐ.எஸ். என்று பேர். இந்தோனேசியாவில் ஓடிய ஆர்.எக்ஸ். கிங் வண்டியில் கம்பெனியிலிருந்தே உண்டு. ரீடு மூடியதும் ஓடிவந்த காற்று பின்னால் மோதித் திரும்பாமல் அந்தப் பாட்டிலுக்குள் ஒதுங்கி நிற்கும், ரீடு திறந்ததும் அங்கிருந்து இறங்கி உள்ளே போகும். காற்று முன்னும் பின்னும் ஆடினால் ஒவ்வொரு முறையும் ஜெட்டைக் கடந்து இரட்டைப் பெட்ரோல் எடுக்கும். பாட்டில் இருந்தால் அந்த ஆட்டம் குறையும், கலவை சீராகும். பலன் நடு வேகத்தில்தான். ஆனால் பாட்டிலின் கொள்ளளவும் குழாயின் நீளமும் இன்ஜினுக்குப் பொருந்த வேண்டும். கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் குப்பியைச் சொருகி அது ஒழுகினால், முதலாவது சொன்ன ஆபத்தை நாமே காசு கொடுத்து வாங்கியதாக ஆகும்.

ஆறாவது, ஏர் ஃபில்டர் பாக்ஸ். தயவுசெய்து கழற்றாதீர்கள். அது தூசி வடிக்கும் பெட்டி மட்டும் இல்லை, அமைதியான காற்றுக் குளம். இன்ஜின் துடித்துத் துடித்து இழுக்கும்போது நிதானமாகக் கொடுப்பது அதுதான். அந்தப் பெட்டியை மனதில் வைத்துத்தான் கம்பெனி ஜெட் அளவு போட்டிருக்கிறது. பெட்டியைக் கழற்றினால் கலவை மெலியும். நம் ஊர்ப் புழுதி உள்ளே போனால் பிஸ்டனும் போரும் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி தேயும். பெட்டியை வைத்துக்கொண்டு ஃபில்டரைக் கழுவி எண்ணெய் பிழிந்து போடுங்கள். அடைத்த ஃபில்டரைச் சுத்தம் செய்ததிலேயே இழுவை வந்துவிட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகத்தான் ஜெட். எல்லோரும் மெயின் ஜெட்டை மட்டும் மாற்றுகிறார்கள். மெயின் ஜெட் பேசுவது ஆக்சிலேட்டரை முக்காலுக்கு மேல் திருகும்போதுதான். கால் முதல் முக்கால் வரை பேசுவது ஊசி. ஊசியின் தலையில் வெட்டுகள் இருக்கும், கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், நடு வேகத்தில் கலவை கொஞ்சம் கெட்டியாகும். நடு வேகக் குறைக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, கால் வலிக்குக் கண் சொட்டு மருந்து விடுவது மாதிரி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் குறைந்த காபி நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள், மெலிந்து ஓடுகிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இதையும் ஆறாம் வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒரு சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்று என்று.

இனி உங்கள் கேள்விகள். "அப்போ பெரிய கார்பரேட்டர் போட்டு ரேஸ் ஜெயிக்கிறாங்களே சார்?" ஜெயிக்கிறார்கள், உண்மை. அவர்கள் கார்பரேட்டரோடு போர்ட்டின் உயரம், சைலன்சரின் வடிவம், கியர் பல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். மூடிய டிராக்கில் இன்ஜினைக் கீழே இறங்க விடாமல் மேல் வேகத்திலேயே வைத்து ஓட்டுகிறார்கள். அந்த இன்ஜினுக்கு அடிக்கடி பிஸ்டன் மாற்றுகிறார்கள். அது வேறு கணக்கு, அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதில் ஒரே ஒரு சாமானை மட்டும் எடுத்துக் குடும்ப வண்டியில் மாட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"சட்டம் என்ன சொல்கிறது?" கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. நான் சொன்ன வரிசையில் பெரும்பகுதி பழுது நீக்குவதுதான், கம்பெனி கொடுத்ததைக் கம்பெனி கொடுத்தபடி ஆக்குவது. அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. பலனில் பெரும்பங்கும் அதில்தான் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்வதே போதும் என்பேன்.

"டூ ஸ்ட்ரோக்கே புகைதானே சார், காயலான் கடைக்குப் போட வேண்டியதுதானே?" என்று என் மருமகன் கேட்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உள்ளே வரும் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போகும் இன்ஜின் இது. நான் யாரையும் இதை வாங்கச் சொல்லவில்லை. ஆனால் வைத்திருப்பவன் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். ரீடு ஒழுகாமல், ஊசி சரியாக இருந்தால் புகையும் குறையும், பெட்ரோலும் மிஞ்சும்.

அந்த மாணவன் என் வண்டியைக் கட்டிக் கொடுத்த அன்று, போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, பழைய 20 மி.மீ. கார்பரேட்டரையே கழுவி மாட்டியிருந்தான். வெட்டிய பாக்ஸுக்குப் பதில் வேறு பாக்ஸ் தேடிப் பிடித்திருந்தான். கூலி எவ்வளவு என்றேன். "பிஸ்டனுக்கும் போருக்கும் மட்டும் குடுங்க சார். மொதல்ல ஒருக்கா மலை ஏறிப் பாருங்க" என்றான். ஏறினேன். முப்பது வளைவு தாண்டியும் கிளட்சைத் தொட வேண்டிய வேலை இல்லை. வளைவில் திரும்பி ஆக்சிலேட்டரைத் திருகினால் முனகல் இல்லாமல் உடனே எடுத்தது. மேல் வேகத்தில் முன்பு இருந்த அந்தச் சீறல் இல்லை. அது எனக்குத் தேவையும் இல்லை.

அன்றைக்கு மலை உச்சியில் வண்டியை நிறுத்தியபோது ஒன்று தோன்றியது. முதல் பெஞ்சுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம், அவர்கள் வாங்கிய மார்க்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தையே அந்த நான்கு பேருக்காகத்தான் நடத்தினோம். நடு பெஞ்சில் உட்கார்ந்து ஊதுகுழல் பாடத்தை இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருந்தவனை நான் ஒரு தடவைகூட எழுப்பிக் கேள்வி கேட்டதில்லை. அந்த வருடத்திலிருந்து ஓய்வு பெறும் வரை முதல் கேள்வியை நடு பெஞ்சில்தான் கேட்டேன். இதைப் படிக்கும் 1994-க்குப் பிந்தைய மாணவர்களுக்கு, "சார் ஏன் எப்பவும் என்னையே எழுப்புறாரு" என்று கோபம் இருந்திருக்கும். காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

வீடியோ அனுப்பிய தம்பிக்கு: போர்ட்டைக் கடைய விடாதே சாமி. கடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. 28 மி.மீ. கார்பரேட்டரைக் கழற்றி அலமாரியில் வை. பழைய கார்பரேட்டரையும் ஏர் பாக்ஸையும் மாட்டி, ரீடு கூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன், வண்டியை எடுத்துக்கொண்டு வா. அது சரியாகும் வரை பாப்பாவை அதில் ஏற்றாதே. வீட்டம்மா உனக்கும் சேர்த்துச் சமைப்பதாகச் சொல்லச் சொன்னார்.

மற்றவர்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தால் மெக்கானிக் வேலை செய்யும் என் பிள்ளைகள் கட்டாயம் திருத்துங்கள். இந்தப் பாடத்தில் நான் மாணவன்தான்.